கூர்மூக்கும் மொண்ணைமூக்கும்

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் களிமண் வாசனைதான். அம்மிக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லின் மேல், மாதா படத்துக்குக் கீழே இருந்த மேசையில், எங்கே பார்த்தாலும் பாதியாக அறுத்த களிமண் கட்டிகள். ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் ஓர் ஓட்டை. அது எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் அகன்றது, எங்கே போய் நின்றது என்று என் வீட்டுக்காரர் ஈர்க்குச்சியை விட்டு அளந்துகொண்டே இருப்பார். சோறு ஆறிப்போகும். "சாப்ட்டுட்டு அளங்களேன், மண்ணு எங்க ஓடிடப் போவுது?" என்பேன். காதில் விழாது. கட்டின பெண்டாட்டியின் முகத்தை அவர் ஒரு நாளும் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனில் இருந்தவர். சார்ஜெண்ட், பிரெஞ்சில் 'செர்ழான்', பதவி வரைக்கும் உயர்ந்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பினார். சைகோனிலிருந்து வருகிறவர்கள் பீங்கான் தட்டு கொண்டுவருவார்கள், பெண்டாட்டிக்குப் பட்டுத்துணி கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு வேட்டைத் துப்பாக்கி. தூரத்துக் குறியை அடிப்பதில் படையில் மெடல் வாங்கினவராம். மெடலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, உலையிலா போட முடியும்?

ஆனால் தெருவுக்கு அந்தத் துப்பாக்கி வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் எல்லாம் கிறிஸ்துவக் குடும்பங்கள். நோயேல் என்கிற கிறிஸ்துமஸ் திருநாளுக்குக் காட்டுப்பன்றி விந்தாலிக் குழம்பு இல்லையென்றால் பண்டிகை முகமே வராது. இவர் சுட்டுக் கொண்டுவருவார். என் அண்ணன் வெட்டிப் பங்கு போடுவார். அண்ணனுக்கு அடுத்த தெருவில் ரொட்டிக்கடை. மாவு பிசைந்து பிசைந்து கை உலக்கை மாதிரி இருக்கும். பங்கு வீடு வீடாகப் போகும். "செர்ழான் வீட்டுக் கறி வந்துடுச்சா?" என்று பெண்கள் சுவருக்கு மேலே எட்டிக் கேட்பார்கள். அந்த ஒரு வாரம் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

வேட்டையைப் பற்றி அவர் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு உண்டு. அடிபட்ட மிருகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவன் வேட்டைக்காரன் இல்லை, பின்னாலேயே போய் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பார். இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கே இல்லை. பிறகு அதை அவர் வாயால் நான் கேட்கவில்லை.

களிமண் வருஷத்துக்கு முந்தின நோயேலுக்குச் சில நாள் முன்னால், இவரும் அண்ணனும் தவளக்குப்பத்துக்கு அப்பால் போனார்கள். அப்போது நல்ல மழை. வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் பன்றிக்குக் கிட்டே போக வழியில்லை. ஏரிக்கரையில் படுத்துக்கொண்டு, எதிர்மேட்டில் வந்த பன்றியை அங்கிருந்தே சுட்டார். முன்னூறு மீட்டருக்குக் குறையாது என்றார் அண்ணன். பன்றி விழுந்தது, எழுந்தது, ஓடியது. இவர்கள் சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். எல்லைக்கல் வந்துவிட்டது.

கல்லுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் மண், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் மண். எங்கள் ஊர் எல்லை ஒட்டுப்போட்ட புடவை. ஒரே வயலில் மாடு ஒரு ராஜ்யத்தில் நிற்கும், ஏர் பிடிக்கிறவன் இன்னொரு ராஜ்யத்தில் நிற்பான். மாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். துப்பாக்கியோடு அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் மட்டும் ஜெயில்.

"துப்பாக்கிய புதர்ல வச்சிட்டு கத்தியோட போலாம் மாப்ள" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"ஆயுதச் சீட்டு என் பேர்ல இருக்குது மச்சான். துப்பாக்கிய விட்டுட்டு சிப்பாய் நகரக் கூடாது" என்றாராம் இவர்.

"அப்ப நீங்க இங்க நில்லுங்க. நான் மட்டும் போறேன்."

"அடிபட்ட பன்னிகிட்ட உங்கள தனியா அனுப்பிட்டு, உங்க தங்கச்சிக்கு நான் என்னா பதில் சொல்றது?"

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ரத்தத் தடமும் கரைந்துபோயிற்று. திரும்பி வந்துவிட்டார்கள்.

மறுநாள் மீன்காரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கல்லுக்கு அந்தப் பக்கத்து ஊரில், விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணைக் காயம்பட்ட பன்றி ஒன்று வயிற்றில் குத்திவிட்டதாம். கடலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டதாம். "நல்லவேளை, புள்ளகுட்டி இல்ல" என்று மீன்காரி ஆறுதல் மாதிரி சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். என் வீட்டுக்காரர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று வாங்கின மீனை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

யாரும் வந்து கேட்கவில்லை. இரண்டு ராஜ்யத்துப் போலீசும் கேட்கவில்லை. பன்றி குத்திச் செத்த கூலிக்காரிக்கு என்ன விசாரணை? இவர் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அது விபத்து, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சாமியார் அனுப்பிவிட்டாராம். யாராவது ஒருத்தர் அவரை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை. நான் கேட்டிருக்கலாம்தான், அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. ஒருத்தரும் கேட்காததால் விசாரணையை அவரே நடத்த ஆரம்பித்தார். கூண்டில் ஏற்றியது அன்று சுட்ட குண்டை.

அன்று சுட்டது கூர்மூக்குக் குண்டு. முழுக்கச் செம்பு உறை போட்டு, முனை ஊசியாக இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் நேராகப் போகும். ஆனால் பட்ட இடத்தில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு உள்ளே போய்விடும், மிருகம் அதோடு ஓடும். மொண்ணைமூக்குக் குண்டில் முனையில் ஈயம் வெளியே தெரியும். பட்டதும் ஈயம் நசுங்கிக் காளானாக விரியும், மிருகம் நின்ற இடத்திலேயே விழும். ஆனால் தூரம் போகப் போக அதற்கு வேகம் செத்துவிடும். கீழே இறங்கும், கடற்காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். முனையில் குழி வைத்த ஒரு தினுசும் இருந்தது. அது எலும்பில் பட்டால் தூளாகிவிடும் என்று எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார். எனக்கு எதற்கு இந்தச் சாஸ்திரமெல்லாம்? சோறு போடும்போதும் இதே பேச்சு, ஜெபமாலை முடிந்ததும் இதே பேச்சு. பைத்தியக்காரன் பக்கத்தில் படுத்தால் பாயைப் பிறாண்டத்தானே வேண்டும்?

அவர் கட்சி இதுதான். "தோள்லதான் பட்டுது. நான் பாத்தேன். தோள்ல பட்ட பன்னி ஓடுதுன்னா அது குண்டோட தப்பு. மொண்ணைமூக்கா இருந்தா அங்கயே விழுந்திருக்கும், அந்தப் பொம்பள விறகோட வீட்டுக்குப் போயிருப்பா." பன்றி அந்தப் பக்கத்திலேயே எங்கோ செத்தது. குண்டு எங்கே பட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தோளில் பட்டிருந்தால் குண்டின் மேல் பழி. வேறெங்காவது பட்டிருந்தால் சுட்டவர் மேல் பழி. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீடு இந்த ஒன்றின் மேல்தான் நின்றது.

சோதனை நடந்தது லாஸ்பேட்டையில். அப்போது அங்கே பனையும் முந்திரியும் செம்மண் மேடுகளும்தான். வில்லியனூர் குயவர்களிடம் மண் வாங்கிவந்து, அண்ணன் ரொட்டி மாவு மாதிரி காற்றில்லாமல் அடித்துப் பிசைந்து, தவலை அளவுக்குக் கட்டியாக்கி மேட்டடியில் வைப்பார். மாமிசமும் ஈரக் களிமண்ணும் குண்டுக்கு ஒரே மாதிரிதான் வழி விடும் என்று இவர் படையில் கற்றிருந்தார். அண்ணன் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் முன்னால் போய்விடுவார். இவர் ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் பின்னால் போவார். எல்லாம் தயாரானதும் முன்னூறு மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு தினுசு குண்டு, சில வேட்டுகள் சுடுவார். அண்ணன் பக்கத்து ஓடைக்குள் பதுங்கியிருந்து, கட்டியில் பட்டால் வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் ஒரு வேட்டாவது பட்டுவிடும். கட்டி வீட்டுக்கு வரும், கம்பி போட்டு அறுப்பார். கூர்மூக்கு போன வழி எலிவளை போல ஒரே சீராக இருக்கும். மொண்ணைமூக்கு போன கட்டியில் என் முஷ்டி நுழையும்.

"பாத்தியா? பாத்தியா?" என்பார். மழைக்காலம் வருவதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. குற்றவாளி கூர்மூக்கு. ஒரு வருஷமாகத் தூங்காத மனிதர் தூங்கினார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். "இந்த நோயேலுக்கு மொண்ணைமூக்கோட போறேன்" என்றார்.

போக விடக்கூடாது என்று நினைத்தேன். ஏனென்றால் வீட்டில் நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பித் தம்ளருக்குக் கை நீட்டினால் விரல் தம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடிக்கும். கோவிலில் எதிரே வந்தவர்களைக் குரல் கேட்டபிறகுதான் விசாரிப்பார். கடற்கரையில் என்னோடு நடந்தபோது, "கட்டுமரம் ஒண்ணுகூட போவலியே இன்னிக்கு" என்றார். கடல் முழுக்கக் கட்டுமரங்கள் பாய் விரித்திருந்தன. "கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னால், "என் கண்ணுக்கு என்னாடி கேடு? முன்னூறு மீட்டர்ல மண்ணுகட்டிய அடிக்கிறவனுக்கு நீ கண்ணு சொல்றியா?" என்று எரிந்து விழுவார். அவர் சொல்வதும் நியாயம்தான். கட்டியில் ஓட்டை இருந்ததே.

ஓட்டை வந்த கதை பிறகு தெரிந்தது. தீர்ப்பு ஆனபிறகும், வேட்டைக்குக் கை பழக வேண்டுமென்று அவர் மொண்ணைமூக்கைச் சுடப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் கட்டியின் மேல் போர்த்துகிற ஈரச்சாக்கை அண்ணன் மறந்துவிட்டுப் போய்விட்டார். வெயில் ஏறினால் மண் வெடித்துவிடுமே என்று அதை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். முந்திரிக்கு அப்பால் ஒரு வேட்டுச் சத்தம். போய்ப் பார்த்தால், வீட்டுக் கூடத்தின் நீளம்கூட இருக்காது, அவ்வளவு கிட்டே நின்று, என் அண்ணன் களிமண் கட்டியைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்றுகூடச் சரியாகத் தெரியாத மனிதர்.

என்னைப் பார்த்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளா நடக்குது இது?" என்றேன்.

"மொத நாள்லேருந்து. மொத நாளு அவரு சுட்டது ஒண்ணுகூட கட்டிகிட்ட வரல தங்கச்சி. ஒண்ணு பனமரத்துல. ஒண்ணு எங்க போச்சுன்னே தெரியல. அந்த மொகத்தப் பாத்துட்டு, கண்ணு போச்சு மாப்ளன்னு நான் எப்பிடி சொல்றது? அவசரமா கட்டிய கம்பியால குத்தி துணியத் தூக்கிட்டேன். அப்பறம் கம்பி குத்துனா கண்டுபிடிச்சிடுவாருன்னு நானே முன்னாடி வந்து சுட்டு வைக்கிறேன்."

"பொய்யில ஒரு மனுஷன தூங்க வைக்கிறியா அண்ணே?"

"தூங்கறாரு இல்ல? என்னா கெட்டுப்போச்சு இப்ப?"

"நோயேலுக்குப் பன்னி அடிக்கப் போறேன்றாரே! நீ சுட்ட ஓட்டைய நம்பிப் போறாரே! திரும்பவும் கண்ட எடத்துல பட்டு ஓடினா? அங்க எவளாவது விறகு பொறுக்கிட்டு இருந்தா?"

அண்ணன் என் கையிலிருந்த சாக்கை வாங்கிக் கட்டியின் மேல் போர்த்தினார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி வடிந்துவிட்டது. பாசத்தில் செய்தவரை எவ்வளவுதான் திட்டுவது? ஆனால் அவர் கிட்டே நின்று சுட்டதால்தான் மொண்ணைமூக்கு அத்தனை பெரிதாக வாயைத் திறந்தது. தூரத்தில் இறங்கிப்போகிற குண்டு அது. தூரத்தில் பார்வை இல்லாத மனிதர் கையில் அதைத்தான் அண்ணன் எடுத்துக் கொடுத்திருந்தார்.

"இந்தக் கட்டி வேணாம். புதுசா ஒண்ணு போடு. இன்னிக்கு ஓடையில நான் நிக்கிறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் வந்தார். நான் அங்கே இருப்பதை அண்ணன் சொன்னதும், "பொம்பளைக்கு இங்க என்னா வேல?" என்றாரே தவிரத் தடுக்கவில்லை. நான் ஓடைக்குள் இறங்கித் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வேட்டு மேட்டின் உச்சியில் செம்மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது பனைமரத்தின் பக்கம் போயிற்று. அதற்குப் பிறகு சுட்டதெல்லாம் எங்கே போயிற்றென்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நான் துணியைத் தூக்கவே இல்லை. தூக்கிவிடு, தூக்கிவிடு என்று கை துடித்தது நிஜம். துணியை உட்கார்ந்த இடத்தில் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வேட்டு நின்றது. அவர் எழுந்து நடந்து வந்தார், அண்ணன் பின்னால். கட்டிக்கு முன்னால் மண்டி போட்டு, உள்ளங்கையால் அதைத் தடவினார். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், திரும்ப முன்பக்கம். வழவழவென்று இருந்தது. அவர் கை பட்ட தடம்தான் அதில் விழுந்தது.

"நல்லா பிசைஞ்சிருக்கீங்க மச்சான்" என்றார்.

அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டார். "மன்னிச்சிடுங்க மாப்ள, நான்தான்..."

"தெரியும். முன்னூறு மீட்டர் போயிட்டு மொண்ணைமூக்கு அவ்ளோ பெருசா வாய் தொறக்காது. கிட்ட நின்னு சுட்டாத்தான் அப்பிடி. அறுத்து உள்ள வெரல விட்டப்பவே தெரிஞ்சிபோச்சி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சா? தெரிஞ்சிகிட்டா இத்தன நாளும் வீடு பூரா மண்ண அறுத்துப் போட்டீங்க? பாத்தியா பாத்தியான்னு என்னைக் கூப்ட்டுக் காட்டுனீங்க?"

"குண்டுதான் தப்பு பண்ணுச்சின்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல" என்றார். "மனுஷன் யாரும் சொல்லல. மண்ணாவது சொல்லட்டும்னு இருந்தேன்."

"நோயேலுக்குப் போறேன்னீங்களே?"

"போயிருப்பேன்" என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒருத்தி செத்ததற்காக ஒரு வருஷம் தூங்காதவர். அப்படிப்பட்டவர் தெரிந்தே போயிருப்பார். அதை நினைத்தால் பயமாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

துப்பாக்கியை ஆயுதச் சீட்டோடு கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்ந்து வருகிறது, மருந்து இல்லை என்றார். வெளியே வந்ததும் இவர் சொன்னது, "ஒரு வருஷத்துக்கு முன்னாடி இவ்ளோ மோசமில்ல. அன்னிக்குத் தோள்லதான் பட்டிருக்கும்." அதை மறுக்காமல் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

நோயேல் நெருங்கியது. தெருவில் யாரும் கறியைப் பற்றிக் கேட்கவில்லை, கடைப் பன்றிக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். ஒரு காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "என்னை அந்த ஊருக்கு இட்டுகிட்டு போ" என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

தவளக்குப்பம் வரைக்கும் வண்டியில் போய், அப்புறம் வரப்பில் நடந்தோம். என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். அந்த வருஷம் மழை குறைவு, சேறு இல்லை. "கல்லு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "தாண்டியாச்சிங்க" என்றேன். கொஞ்ச தூரம் வரைக்கும் அவர் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

செத்துப்போனவளின் புருஷன் குடிசைக்கு வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தான். இவர் நேராக நின்று, படையில் நின்ற மாதிரியே நின்று, "போன வருஷம் பன்னிய சுட்டவன் நான்தான்" என்றார்.

அவன் கோடாலியைக் கீழே வைக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கோடாலியைக் கட்டையில் சாய்த்துவிட்டு உள்ளே போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். இவர் குடித்தார்.

"ரெண்டு நாள் கழிச்சி ஓடையில செத்துக் கெடந்துதுங்க" என்றான். "யாரும் துன்னல. நாங்கதான் குழி தோண்டிப் பொதச்சோம்."

"குண்டு எங்க பட்டிருந்துச்சி?" என்று கேட்டார் இவர்.

அவன் வாயால் சொல்லவில்லை. பாதி திரும்பி நின்று, தன் பின்னந்தொடையில் கையால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினான்.

இவர் முகத்தை அவன் குரல் வந்த பக்கமே வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுப்பா, எங்க பட்டுது? தோள்லதான?"

அவன் அவர் கண்ணைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். இவருக்குக் கண் தெரியவில்லை என்று அவனுக்கும் புரிந்துவிட்டது, அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பின்னந்தொடையிலங்க" என்றேன்.